சக்கரவர்த்தினி இயல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் தொடங்குமுன் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூலார் விதி. ஆக்கியோன் பெயரை விட்டுவிடுவோம். அவர் புகழுக்கு ஆசைப்படாதவர், அல்லது அப்படிப் பேர் எடுக்க ஆசைப்படுபவர். நூற்பெயர் மேலே இருக்கிறது. முதல்நூலா வழிநூலா என்றால் இரண்டும் அன்று; டாசிட்டஸ், காசியஸ் டியோ முதலிய ரோம வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்ததையும் சோழநாட்டுக் கல்வெட்டுகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்தது. யாப்பு ஆசிரியப்பா போல இருக்கும். தளை பார்ப்பவர்கள் பார்க்க வேண்டாம். எல்லை: கிழக்கே ரூஜ் ஆறு, மேற்கே விக்டோரியா பார்க் அவெனியூ, வடக்கே ஸ்டீல்ஸ், தெற்கே ஒன்ராறியோ ஏரி. ஸ்காபரோ எனப்படும் இந்த நிலத்தின் மேலை எல்லையே ஒரு சக்கரவர்த்தினியின் பெயரால் ஓடுகிறது என்பதைக் கவனிக்க. கேட்போர், மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறையில் பின்வளவில் கோழி வாட்டிக்கொண்டு, "ஆரப்பா விக்டோரியா?" என்று பிள்ளை கேட்டால் "பழைய ராணி" என்று சொல்லி முடித்துவிடும் பெற்றோர். பயன், அடுத்த மே மாதம் இரண்டு வசனம் கூடச் சொல்லலாம்.

நுதலிய பொருளுக்கு வருவோம். ரோமில் சக்கரவர்த்தினி என்றொரு பதவி சட்டத்தில் இருக்கவில்லை. பெண் வாக்களிக்க முடியாது. செனட்டில் உட்கார முடியாது. படை நடத்த முடியாது. அகஸ்டா என்பது மரியாதைப் பட்டம். அதோடு ஆணையிடும் உரிமை எதுவும் வராது. ஆனாலும் அரசனை ஏற்றியவர்கள், இறக்கியவர்கள், திருச்சபைச் சண்டையைத் தீர்த்தவர்கள் என்று பெண்களின் நீண்ட வரிசை ஒன்று அங்கே நிற்கிறது. அதிகாரம் இவர்களிடம் எந்த வழியால் வந்தது, எந்த வழியால் போனது? முறையால் வந்தது, முறையால் போனது என்பதே இந்த இயலின் துணிபு. அவள் அவனுக்கு என்ன முறை என்பதுதான் அவளுடைய பதவி. உறவுமுறையைக் கலியாண வீட்டு வரிசையில் நின்றபடியே கணக்குப் பார்த்துவிடும் ஓர் இனத்தாருக்கு இந்தப் பகுப்பு எளிது.

முன்னோர் வேறு விதமாகப் பகுத்தனர். ரோம வரலாற்றாசிரியர்கள் செய்தது உணவுப் பகுப்பு. லிவியா அத்திப்பழத்தால் அகஸ்டஸைக் கொன்றாள். அக்ரிப்பினா காளானால் கிளாடியஸைக் கொன்றாள். அதே முறையில் மகாவம்சம், லிவியா சிறுமியாக இருந்த காலத்தில் அனுராதபுரத்தில் ஆண்ட அனுலா அடுத்தடுத்துக் கணவர்களுக்கு நஞ்சு கொடுத்ததாகச் சொல்லும். டியோ எழுதியது லிவியா இறந்து ஏறக்குறைய 200 ஆண்டுக்குப் பிறகு. மகாவம்சத்தைப் பிக்குமார் எழுதியது அனுலா இறந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு. ஆண்கள் வாளால் செய்ததை எழுதும்போது ஏடுகள் போர்க்களத்தைத் தேடுகின்றன. பெண் ஏதாவது செய்தாள் என்றால் நேரே குசினிக்குப் போகின்றன. அத்திப்பழக் கதையில், அகஸ்டஸ் தன் கையால் மரத்தில் பறித்த பழத்தை மட்டுமே உண்டான் என்பதால் லிவியா மரத்தில் இருந்த பழத்திலேயே நஞ்சு பூசினாளாம். இதை வாசித்துக் காட்டியபோது ஒரு மாமி கேட்டார்: "மரத்திலை கிடக்கிற பழத்துக்கு ஆராவது நஞ்சு பூசுவினமே தம்பி? அணில் தின்னாதே?" இரண்டாயிரம் ஆண்டு ஆய்வில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் பார்க்கவில்லை.

அருங்காட்சியகத்தார் செய்வது கொண்டைப் பகுப்பு. புளோர் வீதியில் றோயல் ஒன்ராறியோ மியூசியத்தின் ரோம் கூடம் போன்ற இடங்களில் பளிங்குத் தலைகளைப் பார்த்திருப்பீர்கள். பெயர் பொறிக்காத பெண் தலை கிடைத்தால் அறிஞர்கள் முதலில் பார்ப்பது முடியைத்தான். நெற்றிக்கு மேலே ஒரு சுருளாக உருட்டி வைத்திருந்தால் லிவியா காலம். தேன்கூடு மாதிரி சுருள்சுருளாக எழுந்து நின்றால் ஃபிளேவியன் காலம். தலைக்கவசம் போலக் காதை மூடி இறங்கினால் ஜூலியா டொம்னா காலம். இது ஏளனத்துக்குரியதன்று, நம்பகமான முறைதான். ஆனால் கொண்டை காலத்தைச் சொல்லும், அதிகாரத்தைச் சொல்லாது. ஆகவே நம் பகுப்பு.

தாய்

மகன்வழி ஆளல் தலையென மொழிப;
மகன்வளர்ந் தக்கால் இடையென மொழிப;
மருமகள் வந்துழிக் கடையென மொழிப.

இஃது என் நுதலிற்றோ எனின், தாய் வகையின் மூன்று நிலை உணர்த்துதல் நுதலிற்று. ரோமச் சக்கரவர்த்தினிகளில் பெரும்பாலோர் இந்த வகையில் அடங்குவர். இலக்கணத்துக்கு இலக்கியம் லிவியா.

லிவியா துருசிலா பிறந்தது கி.மு. 58 அளவில். முதற்கணவனுக்கு ஒரு மகனைப் பெற்று, இரண்டாவதை வயிற்றில் சுமந்த காலத்தில், கி.மு. 38 இல் ஒக்டேவியனை மணந்தாள்; பின்னால் அகஸ்டஸ் என்று அறியப்பட்டவன் அவன். முந்தைய கணவனே அவளைத் தாரைவார்த்துக் கொடுத்தான் என்பார்கள். கி.மு. 35 இல் அவளுக்கு இரண்டு உரிமைகள் வந்தன: அவளை அவமதிப்பது தெய்வக்குற்றம், தன் சொத்தைத் தானே கையாளலாம், ஆண் காப்பாளர் வேண்டாம். உடன் இந்த உரிமைகளைப் பெற்ற இன்னொருத்தி ஒக்டேவியனின் அக்காள். மனைவியும் அக்காளும் ஒரே நாளில், ஒரே வரியில். முறைவகைப் பகுப்பைத் தொடங்கி வைத்தவர்கள் ரோமர்களே என்பதற்கு இது சான்று.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட அந்தத் திருமணத்தில் பிள்ளை இல்லை. அகஸ்டஸ் வாரிசுகளாக நிறுத்திய மருமகனும் பேரர்களும் ஒவ்வொருவராக இறக்க, கடைசியில் மிஞ்சியது லிவியாவின் முதற்கணவனுக்குப் பிறந்த திபேரியஸ். இந்த இறப்புகளை எல்லாம் லிவியாவின் கணக்கில் எழுதிய ஏடுகள் உண்டு. ரொபேர்ட் கிரேவ்ஸ் 1934 இல் எழுதிய நாவலும் பிறகு வந்த பிபிசி தொடரும் அந்தக் கணக்கை உலகம் முழுவதும் கொண்டுபோயின. நான் அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் இளைஞர்கள் காய்ச்சலால் சாவது செய்தியே அன்று. ஒரு கிழவி எண்பது தாண்டி வாழ்வதுதான் செய்தி, சந்தேகத்துக்கும் காரணம்.

கி.பி. 14 இல் அகஸ்டஸ் இறந்தபோது எழுதிவைத்த உயில், உறவுமுறை வரலாற்றில் பெரிய விந்தை. மனைவியைத் தன் குலத்துக்கு மகளாகச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு, ஜூலியா அகஸ்டா என்று பெயரும் கொடுத்துவிட்டுப் போனான். மனைவி என்ற முறை கணவனின் சாவோடு தீர்ந்துவிடும். குலமகள் என்ற முறை தீராது. அதன்பின் செனட் அவனைத் தெய்வமாக்கியது, அவள் அந்தத் தெய்வத்துக்குப் பூசாரியானாள். அகஸ்டஸ் வானத்துக்கு ஏறிப் போனதைக் கண்ணால் கண்டேன் என்று சத்தியம் செய்த ஒருவனுக்கு லிவியா பத்து லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தாள் என்று டியோ எழுதுகிறார். கண்டவனுக்குப் பரிசு என்றும் கொள்ளலாம், காண்பதற்குக் கூலி என்றும் கொள்ளலாம்.

இனி நூற்பாவின் இரண்டாம் அடி. திபேரியஸ் அரியணை ஏறியபோது வயது ஐம்பத்துநான்கு. வளர்ந்த மகன் என்பதில் ஐயமில்லை. அவனுடைய பெயரோடு 'ஜூலியாவின் மகன்' என்றும் சேர்த்து எழுதலாம் என்று செனட்டில் பேச்சு வந்தது. தந்தை பெயரால் அறியப்படும் நாட்டில் இது எப்படிப்பட்ட யோசனை என்று எண்ணிப் பாருங்கள். மறுத்துவிட்டான். தாய்க்குப் பட்டங்கள் கொடுப்பதற்கு அளவு வேண்டும் என்றான். கி.பி. 26 இல் ரோமை விட்டே போய்க் காப்ரித் தீவில் குடியேறினான். அம்மாவிடமிருந்து தப்பத்தான் போனான் என்ற பேச்சு அப்போதே இருந்தது. 29 இல் அவள் 86 வயதில் இறந்தபோது செத்தவீட்டுக்கும் வரவில்லை; தெய்வமாக்கவும் விடவில்லை. பிறகு 13 ஆண்டு கழித்துப் பேரன் கிளாடியஸ் அவளைத் தெய்வமாக்கினான். பாசத்தாலா? கிளாடியஸ் அகஸ்டஸின் நேர்வழியில் வந்தவன் அல்லன். தெய்வீக மூதாதை ஒருத்தி அவனுக்குத் தேவைப்பட்டாள்.

இந்த லிவியா தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறாள். மிளகுக்கு விலையாகக் கப்பல் ஏறி வந்து கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைக்கும் ரோம வெள்ளிக் காசுகளில் திபேரியஸின் காசு மிகுதி. முன்புறம் அவன் தலை. பின்புறம் செங்கோலும் ஒலிவக் கிளையும் ஏந்தி இருக்கையில் அமர்ந்த ஒரு பெண். அவள் லிவியாவின் சாயல் என்று பல அறிஞர்கள் கொள்வர். அவளைச் சுற்றி எழுதியிருப்பது என்ன? அவள் பெயர் அன்று. மகனுடைய பூசகப் பதவியின் பெயர். பதவி இல்லாதவளின் நிலையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லவில்லை.

மூன்றாம் அடிக்கு அக்ரிப்பினா. அரசர் காலிகுலாவின் தங்கை, அரசர் கிளாடியஸின் மனைவி, அரசர் நீரோவின் தாய். போதாதென்று அகஸ்டஸுக்கும் லிவியாவுக்கும் கொள்ளுப்பேத்தி. கிளாடியஸுக்கு அவள் அண்ணன் மகள். சித்தப்பாவை மணக்கச் சட்டம் இடம் தராததால் 49 இல் சட்டத்தையே மாற்றினார்கள். தாய்மாமனைக் கட்டும் நம்மவர் முறை ரோமருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. ஆனால் சித்தப்பா என்றால் நமக்கும் முகம் சுளிக்கும். 54 இல் நீரோ பதினாறு வயதில் அரசனானான். செனட்டை அரண்மனையில் கூட்டச் செய்து, திரைக்குப் பின்னே நின்று அவள் கேட்டாள். அந்த ஆண்டுக் காசில் தாயும் மகனும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி இருப்பது தாயின் பெயரும் பட்டங்களும், மகனின் பெயர் பின்புறத்துக்குப் போய்விட்டது. 55 ஆம் ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசை பார்க்கிறார்கள், மகன் முன்னால், தாய் அவன் தோளுக்குப் பின்னால்; பெயர்களும் இடம் மாறிவிட்டன. அதன்பின் காசில் தாய் இல்லை. ஒரு குடும்பச் சண்டையை ஆண்டுவாரியாக உலோகத்தில் அடித்து வைத்தவர்கள் ரோமர்கள் மட்டுமே. பொப்பையாவை மணக்க நீரோ விரும்பினான், தாய் குறுக்கே நின்றாள் என்கிறார் டாசிட்டஸ். 59 இல், கடலில் தானே உடைந்து கவிழும்படி செய்த படகில் அம்மாவை ஏற்றி அனுப்பினான். அவள் நீந்திக் கரைசேர்ந்தாள். பிறகு ஆட்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்த மூன்றாம் அடியை முன்கூட்டியே வெல்லப் பார்த்தவள் ஜூலியா மமேயா. மகன் செவெரஸ் அலெக்சாண்டருக்குத் தானே பெண் பார்த்துக் கட்டிவைத்து, மருமகளுக்கு அகஸ்டா பட்டம் வந்ததும் பொறுக்காமல், அவளை லிபியாவுக்குத் துரத்திவிட்டுச் சம்பந்தியைக் கொல்லவும் செய்தாள். மருமகள் தொல்லை தீர்ந்தது. 235 இல் ரைன் எல்லையில், அம்மா சொல் கேட்கும் அரசன் எங்களுக்கு வேண்டாம் என்று படையினர் இருவரையும் சேர்த்தே கொன்றார்கள்.

இவ்வளவுக்கும் மறுதலை செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் கணவர் இறக்க, அரியணை அவரது தம்பி வழிக்குப் போயிற்று. மகன் உத்தம சோழனுக்கு ஏறக்குறைய 971 இல்தான் அது கிடைத்தது. 985 அளவில் மறுபடி தம்பி வழிக்கு, முதலாம் இராசராசனிடம் போயிற்று. லிவியா வகையாக இருந்திருந்தால் இத்தோடு கதை முடிந்திருக்கும். இந்த அம்மையாரோ கணவர் காலம், கொழுந்தன் காலம், மகன் காலம், பேரன் முறையானவன் காலம் என்று எல்லாக் காலத்திலும் செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றிக்கொண்டே இருந்தார், 1001 அளவு வரை. விருத்தாசலம், திருக்கோடிகாவல், ஆடுதுறை என்று வரிசை நீளும். கோனேரிராசபுரம் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் காட்சியைச் சுவரில் செதுக்கி, இன்னார் என்று எழுதியும் வைத்தார். லிவியா கணவனைத் தெய்வமாக்கினாள். இவர் கணவரைத் தெய்வத்தின் முன் உட்காரவைத்தார். எது நீடிக்கும் என்பதை ரோமின் அகஸ்டஸ் கோயிலையும் கோனேரிராசபுரத்தையும் இன்று போய்ப் பார்த்து முடிவு செய்யலாம்; ஒன்றில் விளக்கு எரிகிறது. மூன்றாம் அடிக்கும் இவர் விலக்கு. அவர் பெயரால் வழங்கும் செம்பியன்மாதேவி ஊர்க் கோயிலில், மாமியாரின் பிறந்த நட்சத்திரமான சித்திரைக் கேட்டையைக் கொண்டாட நிவந்தம் கொடுத்தவர்கள் உத்தம சோழனின் மனைவிமார். மருமக்கள்மார் காசு போட்டு மாமியாரின் பிறந்தநாளைக் கொண்டாடியதற்குக் கல்வெட்டுச் சான்று வேறு எங்கும் இருந்தால் அறிஞர்கள் அறியத்தருக.

அக்காள்

தம்பி அரசனேல் தமக்கை சொல்லைக்
கும்பிட்டு நிற்கும் கொற்றமும் குடையும்.

தாய்க்கு இருக்கும் இடர் அக்காளுக்கு இல்லை. என்னை எனின், மகன் வளர்ந்ததும் தாயின் பிடியை உதற வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கும். அக்காளை உதற வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவள் மணமாகிப் போய்விடுவாள் என்று இருப்பார்கள். போகாவிட்டால் தீர்ந்தது.

கிழக்கு ரோமின் புல்கேரியா அதைத்தான் செய்தாள். தம்பி இரண்டாம் தியோடோசியஸ் குழந்தை அரசன். 414 இல் பதினைந்து வயதில் அகஸ்டா பட்டம் பெற்று, அவனுக்கு நடை, உடை, பேச்சு, எப்போது சிரிக்கக்கூடாது என்பது வரை கற்பித்தவள். கன்னியாகவே இருப்பேன் என்று கோயிலில் விரதம் பூண்டாள், தங்கைமாரையும் பூணவைத்தாள். பக்தி உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் அரண்மனைக்குள் அத்தான் என்று எவனும் வந்து அரியணையைப் பார்க்க முடியாமல் போனதும் உண்மை. பிறகு தம்பிக்கு ஏதென்ஸ் பேராசிரியர் ஒருவரின் மகளைக் கட்டிவைத்தாள், யூடோக்கியா. இரண்டு மச்சாள்மாருக்கும் நடந்த இழுபறியைப் பைசாந்தியர் பலவிதமாகச் சொல்வர். தம்பி கொடுத்த தாளையெல்லாம் வாசிக்காமல் கையெழுத்திடுகிறான் என்று காட்டுவதற்காக, அவன் மனைவியை அடிமையாக எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை அக்காள் நீட்டினாள், அவனும் கையெழுத்துப் போட்டான் என்பது ஒரு கதை. வீட்டுக்கடன் பத்திரத்தில் முகவர் கைகாட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிட்ட நம்மவர் எவரும் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. கடைசியில் யூடோக்கியா எருசலேமுக்குப் போய்விட்டாள். 450 இல் தம்பி குதிரையிலிருந்து விழுந்து இறக்க, புல்கேரியா 51 வயதில், விரதத்துக்குப் பங்கம் செய்யக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு மார்சியன் என்ற படை அதிகாரியை மணந்து அவனை அரசனாக்கினாள். அடுத்த ஆண்டு கால்சிதோன் பேரவையையும் கூட்டுவித்தாள்.

நம் பக்கத்தில் முதலாம் இராசராசனின் அக்காள் குந்தவை. ரொறன்ரோவில் இவரைத் திரைப்படத்தில் வந்த திரிஷாவின் முகத்தோடுதான் பலருக்குத் தெரியும்; அதில் தவறில்லை, கல்கியின் நாவல் எழுந்ததும் கல்வெட்டின் மீதுதான். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்னபோது ஒரு வரிசை சொன்னான்: முதலில் தான் கொடுத்தவை, அடுத்து அக்கன் கொடுத்தவை, அதற்குப் பிறகுதான் மனைவிமார் கொடுத்தவை. பட்டத்தரசி உட்பட அத்தனை தேவியரும் அக்காளுக்குப் பின்னால் நிற்கிறார்கள், கல்லில், எல்லோரும் பார்க்க. வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்று அறியப்பட்டவர், புல்கேரியா போல விரதம் எதுவும் பூணாதவர். ஆனாலும் கொடுத்தது தம்பியின் கோயிலுக்கு, வைத்த படிமங்களில் தன் தாய் தந்தையின் படிமங்களும் உண்டு. தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில்கள் எடுப்பித்தார். குந்தவை என்ன ஆணையிட்டார், எந்தப் போரைத் தடுத்தார் என்று கேட்டால் கல்வெட்டு பேசாது. அந்த வரிசை ஒன்றே பேசும்.

பாட்டி

பேரர் இருவரேல் பாட்டி பிழைக்கும்;
ஓரவ னாயின் ஊணின்றி முடியும்.

பாட்டி வகை இருதிறப்படும்: அம்மம்மா வகை, அப்பம்மா வகை. இந்த வேறுபாட்டைக் கவனியாத வரலாற்றாசிரியர்கள் தடுமாறுவர்.

அம்மம்மா வகைக்கு ஜூலியா மைசா. சிரியாவின் எமேசா ஊர்க்காரி. தங்கை ஜூலியா டொம்னா பேரரசியாக இருந்து 217 இல் இறந்தபின், மைசாவை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவள் கையில் பணமும், இரண்டு மகள்களும், மகளுக்கு ஒரு பேரனாக இரண்டு பேரன்மாரும் இருந்தார்கள். மூத்தவன் உண்மையில் இறந்த அரசர் கரகல்லாவின் பிள்ளை என்று படைமுகாமில் கதை பரப்பினாள். ஒரு மகளின் மானத்தைப் பணயம் வைத்த அரசியல் அது. 218 இல் பதினான்கு வயதுப் பையன் அரசனானான். எலகபாலஸ் என்பது பின்னால் வந்த பெயர். அவன் கூத்து தாங்கமுடியாமல் போனபோது மைசா பதறவில்லை. அடுத்த மகளின் பையனைச் சுவீகாரம் எடுக்கவைத்தாள், 222 இல் மூத்தவனையும் அவன் தாயையும் காவற்படை வெட்டியது, இளையவன் அரசன்; மேலே கண்ட செவெரஸ் அலெக்சாண்டர் அவன்தான். மைசா சில ஆண்டு கழித்துப் படுக்கையில் இறந்து தெய்வமும் ஆனாள். ஒரு மகளையும் ஒரு பேரனையும் இழந்தாள் என்பதை அவளுடைய காசுகள் சொல்லவில்லை.

அப்பம்மா வகைக்கு மதுரை ராணி மங்கம்மாள். மகன் முத்துவீரப்பர் இறக்க, மருமகளும் பிள்ளை பெற்ற கையோடு போக, 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை கைக்குழந்தைப் பேரனுக்காக நாட்டைப் பார்த்தவர். மைசா செய்யாததை எல்லாம் செய்தார்: சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். மங்கம்மாள் சாலை என்ற பெயர் தெற்கே இன்னும் வாயில் வழங்குகிறது. சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. ஆனால் மாற்றுப் பேரன் கிடையாது. பேரன் வளர்ந்து, அதிகாரத்தைக் கைமாற்றும் காலம் வந்தபோது, பாட்டியைச் சிறைவைத்து, சோறு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது என்ற தூரத்தில் வைத்துப் பட்டினியாகச் சாகவிட்டார்கள் என்பது மதுரைக் கதை. ரோமக் கதைகளில் அரசி உணவால் கொல்வாள். இங்கே உணவு அரசியைக் கொன்றிருக்கிறது. சூப்பர் விசாவில் வந்திறங்கிப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் வரை கொண்டுபோய் விடும் அப்பம்மாமார் இந்தப் பகுதியைத் தனியாக வாசிக்க வேண்டாம்.

மனைவி

இந்த வகையை நீட்ட வேண்டியதில்லை. கணவன் இருக்கும்வரை உண்டு, இல்லாதபோது இல்லை. விலக்கு தியோடோரா ஒருத்தி: குதிரைப் பந்தய அரங்கில் கரடி வளர்த்தவனின் மகள், மேடை நடிகை, அவளை மணக்கவென்றே சட்டம் திருத்தப்பட்டது. 532 இல் கொன்ஸ்தாந்திநோபிள் கலகத்தில் ஜஸ்டினியன் கப்பலேறி ஓட நினைத்தபோது ஓடாதே என்றவள். அவர்கள் காலத்தில் ஆளுநர்கள் பதவியேற்கும்போது அரசர், அரசி இருவர் பெயரையும் சொல்லிச் சத்தியம் செய்தார்கள். இது சட்டத்திலேயே எழுதிய கூட்டாட்சி. 548 இல் அவள் இறந்தபின் 17 ஆண்டு ஜஸ்டினியன் ஆண்டான். புதிய சட்டங்கள் மெலிந்து போயின என்பர்.

தன் பெயரால் ஆள்பவள்

பட்டம் நீளின் அதிகாரம் குறுகும்.

இந்த ஒற்றையடிச் சூத்திரத்துக்கு ரொறன்ரோவில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. விக்டோரியாவின் பெயரால் குயின் வீதி. அவருக்கு முன் அது லொட் வீதி. அவருக்காக குயின்ஸ் பார்க். அவர் பெயர் கொண்ட பூங்கா ஏரிக்கரையில் மறைந்துபோய், வீதிக்கும் சுரங்கரயில் நிலையத்துக்கும் பெயர் மட்டும் மிஞ்சியது. யங் வீதியில் எம்பிரஸ் வோக் என்று ஒரு கடைத்தொகுதி வேறு. அக்ரிப்பினா திரைக்குப் பின்னே நின்று கேட்ட அளவுக்குக்கூட விக்டோரியா தன் அமைச்சரவையைக் கேட்டதில்லை; ஆலோசனை சொல்லலாம், எச்சரிக்கலாம், கையெழுத்திட வேண்டும்.

சக்கரவர்த்தினி என்ற பட்டமும் 1876 இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்ததுதான். மகள் ஜெர்மன் பேரரசியாகிவிட்டால் தாய் வெறும் ராணியாக நிற்பதா என்ற சம்பந்தி வீட்டுக் கணக்கும் அதில் இருந்தது என்பர். பட்டம் இந்தியாவுக்கு மட்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கனடாவில் அவர் சக்கரவர்த்தினி அல்லர், ராணி. தனிக் குடியேற்ற நாடாக இருந்த இலங்கையிலும் ராணியே. ஆகவே யாழ்ப்பாணத்துப் பூட்டனுக்கு ராணி, திருநெல்வேலிப் பூட்டனுக்குச் சக்கரவர்த்தினி. ஸ்காபரோவில் இருவரின் வழிவந்தவர்களும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். 1877 ஜனவரி 1 ஆம் திகதி டில்லியில் லிட்டன் பிரபு பெரும் தர்பார் கூட்டிப் பட்டத்தை முழங்கியபோது, சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம். விருந்து ஒரு பக்கம், எலும்புக்கூடு மறுபக்கம். பஞ்சத்துக்குத் தப்பி ஆயிரமாயிரமாய் மன்னார்க் கடலைத் தாண்டி மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்கள், சட்டப்படி பார்த்தால், சக்கரவர்த்தினியின் குடிகளாகப் புறப்பட்டு ராணியின் குடிகளாக இறங்கினார்கள். பட்டத்துக்கும் சோற்றுக்கும் தொடர்பில்லை என்பதை உணர்த்த அந்த ஓர் ஆண்டு போதும்.

தாய் வகையின் இரண்டாம் நிலைக்கும் விக்டோரியா உதவுவார், தலைகீழாக. 63 ஆண்டு ஆண்டு மகனைக் காக்கவைத்தார். எட்வர்ட் அரசனானபோது வயது 59. குயின்ஸ் பார்க்கில் சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் தாய் அமர்ந்திருக்கிறார். கட்டடத்துக்குப் பின்னால், வடக்குப் பூங்காவில், மகன் குதிரைமேல் இருக்கிறான். அந்தக் குதிரை ஒரு காலத்தில் டில்லியில் நின்றது. விடுதலைக்குப் பிறகு வேண்டாம் என்று இறக்கப்பட்டு, 1969 இல் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது. குடிவரவுக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்க்குக் கேட்கும் கேள்விகள் எதையும் அதனிடம் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கேயும் அவனுக்குப் பின்பக்கத்து இடம்தான்.

புறனடை

மேற்சொன்ன எதிலும் அடங்காமல் எலிசபெத் சிம்கோ ஒருத்தி எஞ்சுகிறாள். அரசி அல்லள், மேல் கனடாவின் துணை ஆளுநர் ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி. 1791 முதல் 1796 வரை நாட்குறிப்பு எழுதினாள், ஓவியம் வரைந்தாள். 1793 ஓகஸ்டில் படகில் போகும்போது ஏரிக்கரையின் வெள்ளை மேட்டைப் பார்த்தாள். இங்கிலாந்தில் யோர்க்ஷயர்க் கடற்கரையை அது நினைவூட்ட, இங்கே ஒரு கோடைவீடு கட்டி ஸ்காபரோ என்று பேர் வைக்கலாம் என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். அந்த வீடு கட்டப்படவேயில்லை. கிளாஸ்கோ என்று குறித்திருந்த நிலப்பகுதி முழுவதற்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

இவளை மனைவி வகையில் சேர்ப்பர் ஒரு சாரார்; கணவனுடைய பதவியால்தானே பெயர் நிலைத்தது என்பது அவர்கள் வாதம். தாய் வகை என்பர் மறுசாரார். டொன் ஆற்றங்கரையில் கட்டிய மரவீட்டுக்குச் சிறுமகன் பிரான்சிஸின் பெயரையே இட்டார்கள், அந்தப் பெயர் இன்று காசில் ஃபிராங்க் சுரங்கரயில் நிலையத்தில் இருக்கிறது. அக்ரிப்பினா தான் பிறந்த ஊருக்குத் தன் பெயரைச் சூட்டவைத்தாள், கொலோன் நகரம் அது. அந்தத் துணிவும் இவளிடம் இல்லை. மாகாண அரசு சட்டம் இயற்றி 1998 இல் ஸ்காபரோ நகரசபையைக் கலைத்து ரொறன்ரோவோடு சேர்த்தது. மேயர் போனார், சபை போயிற்று. வீடு எங்கே என்று கேட்டால் இன்றும் ஒருவரும் ரொறன்ரோ என்று சொல்வதில்லை. மார்க்கம் வீதியில் இருப்பவரும் மக்கோவனில் இருப்பவரும் அவள் கட்டாத வீட்டின் பெயரைத்தான் சொல்கிறார்கள். இவளுக்கு வகை வகுக்க உரைகாரரால் இயலவில்லை. வல்லார்வாய்க் கேட்டு உணர்க.